செத்தவீட்டில் சொன்ன ஓம்

திருகோணமலை
02.09.2024

கௌசிகா,

சுகம் விசாரிக்க மனமில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் கமலாதேவியின்ர பேத்தி கடலில போய்ட்டாள். மிதுஷா. ஏழு வயசு. போனமுறை நீ வந்து நிக்கேக்க வேலிக்கு அங்கால நிண்டு, “அக்கா, உங்கட தலைமயிர் உண்மையானதோ?” எண்டு கேட்டதே, அந்தப் பிள்ளைதான்.

போனில சொல்லியிருக்கலாம். உன்ர சத்தம் கேட்டால் எனக்குச் சொல் விளங்காது, சொல் விளங்குது எண்டால் சத்தம் போயிடும். காது அவ்வளவுதான். அதால எழுதுறன். அஞ்சாம் வகுப்புப் படிச்ச எழுத்து. பிழை பிடிக்காமல் வாசி.

நான் பாத்தனான். ஆரும் சொல்லிக் கேட்ட கதை இல்லை. மீன் வாங்கவெண்டு உட்துறைமுகத்துக்குப் போனனான். சூடை மீன் குவிச்சு வைச்சு வித்துக்கொண்டிருந்தாங்கள். கமலாதேவியின்ர மோன் வினோதன் ஆட்டோவை நிழலில விட்டுட்டுப் படிக்கட்டில குந்தியிருந்தவன். பிள்ளை மஞ்சள் வாளியோட கீழ்ப்படியில. அவன்ர கையில போன். பெருவிரலால மேல தள்ளுறான், தள்ளுறான், கோழிக்கு இறகு பிடுங்கிற மாதிரி. ஒருக்காச் சிரிச்சான். பிறகு சிரிப்பில்லை. பிறகும் தள்ளினான்.

வாளி மிதந்து போச்சு. பிள்ளை அதுக்குப் பின்னால ஒரு படி இறங்கினாள். எங்கட தண்ணி எப்பிடியெண்டு உனக்குத் தெரியும். அலையுமில்லை, சத்தமுமில்லை. கடைசிப் படிக்கு அங்கால கப்பல் நிக்கிற ஆழம்.

நான் தூரத்தில. ஓட ஏலாது. தொண்டை கிழியக் கத்தினனான். அவன் திரும்பேல்ல. தலை இன்னும் குனிஞ்சதே ஒழிய நிமிரேல்ல. மீன்காரர்தான் என்ர சத்தத்துக்குப் பாய்ஞ்சவங்கள். தூக்கிக்கொண்டு வந்து கிடத்தேக்கையும் அவன்ர கையில அந்தச் சாமான் பாட்டுப் படிச்சுக்கொண்டு கிடந்தது.

இப்ப கமலாதேவி வாறவை போறவையிட்ட என்ன சொல்லுறாள் தெரியுமோ? அலை இழுத்துக்கொண்டு போட்டுதாம். உட்துறைமுகத்தில அலையாம்! அங்க பிறந்து வளர்ந்த சனம் கேட்டுக்கொண்டு தலையாட்டுது. பொய் அந்த வீட்டுக்குப் புதிசில்லை. தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் உடுத்த உடுப்போட முகாமில கிடக்கேக்க, எங்கட முன்கதவைக் கழட்டிக்கொண்டு போய்த் தன்ர வீட்டு வாசலில போட்டவள். கேட்டதுக்கு, “ஆரோ விக்கக் கொண்டு வந்தாங்கள், வாங்கினனாங்கள்” எண்டவள். குப்பி விளக்குச் சுட்ட கறுப்பு இண்டைக்கும் அந்தப் பலகையில இருக்கு. அண்டையிலிருந்து கதையில்லை.

நீ அந்த இணையத்தளத்தில இதுகளைப் பற்றித்தானே எழுதுறாய். மனுசரின்ர கண்ணைப் பிடிச்சுக் கட்டிப்போட்டுக் காசாக்கிற கொம்பனியள் எண்டு. இதை எழுது. நல்லா எழுது.

அம்மம்மா


வெள்ளவத்தை
05.09.2024

அன்புள்ள அம்மம்மா,

கடிதத்தை வாசித்துவிட்டு வேலை ஓடவில்லை. அந்தப் பிள்ளை என் தலைமயிரைத் தொட்டுப் பார்க்கக் கேட்டாள். நான் அவசரத்தில் “பிறகு” என்றேன்.

நீங்கள் சொன்னதை எழுத வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. நான் அந்த விளம்பர நிறுவனத்தில் இருந்தபோது, போனில் வந்து விழும் சின்னச் சின்ன வசனங்களைத் தமிழில் எழுதுவதுதான் என் வேலை. “உங்களை யாரோ தேடுகிறார்கள்.” “நீங்கள் பார்க்காமல் விட்டது இதோ.” யாரும் தேடவில்லை, அம்மம்மா. விட்டுப்போனவர்களைத் திரும்ப இழுக்கத்தான் அது. அதைச் செய்ய ஏலாமல்தான் வெளியே வந்து முனீப்போடு சேர்ந்து ‘தூண்டில்முள்’ தொடங்கினேன். இரண்டு வருடமாக நாங்கள் எழுதுவதை வாசிக்கிறவர்கள் ஏற்கெனவே எங்களோடு உடன்படுகிறவர்கள்தான்.

ஆனால் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஒருவருக்கு நடந்ததை, அவர் சம்மதம் இல்லாமல் போடமாட்டோம். பேர் போடாவிட்டாலும் அப்படித்தான். அந்தக் கொம்பனிகள் கேட்காமல் எடுக்கின்றன. நாங்கள் கேட்டுத்தான் எடுப்போம் என்று தளத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்.

வினோதன் அண்ணா என் அழைப்பை எடுக்கவில்லை. நான் உங்கள் பேத்தி என்பதாலும் இருக்கலாம். நீங்கள் கேட்க ஏலுமோ? அந்த வீட்டோடு கதையில்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

கௌசிகா


திருகோணமலை
09.09.2024

கௌசிகா,

கேட்டாச்சு. நேற்று எட்டாம் நாள் சடங்கு. செத்தவீட்டுக்குப் பகையில்லை, எட்டு முடியுமட்டும் ஆரும் போகலாம், ஆரும் ஏனெண்டு கேக்க ஏலாது. முப்பத்திநாலு வருசத்துக்குப் பிறகு என்ர கதவுக்குள்ளால நான் போனனான். தொட்டும் பாத்தனான். பெயின்ற் அடிச்சிருக்கினம், பச்சை. கறுப்பு மறையேல்ல.

கமலாதேவி மூலையில இருந்தவள். என்னைக் கண்டதும், “வந்தனியோ? பார். வடிவாப் பார். இதைத்தானே பாத்துக்கொண்டிருந்தனி” எண்டாள்.

“நான் உன்னைப் பாக்க வரேல்ல” எண்டன்.

“பின்னை கதவைப் பாக்க வந்தனியாக்கும்.”

பொம்பிளையள் வந்து இடையில நிண்டுட்டினம்.

வினோதன் பாயில. சவரம் இல்லை, கண் எங்கேயோ. ஒருத்தர் வந்து, “தம்பி, தேத்தண்ணி குடிச்சனியோ?” எண்டார். “ஓம்” எண்டான். கோப்பை ஆடை படிஞ்சு அப்பிடியே பக்கத்தில இருக்கு. இன்னொருத்தர், “குருக்களுக்குச் சொல்லியாச்சோ?” “ஓம்.” குருக்கள் அங்கதான் இருக்கிறார். அவன்ர பெண்சாதி தர்மினி குவைத்தில வீட்டு வேலையில நிக்கிறாள், பாஸ்போட் எசமான்ர கையிலயாம், வர விடேல்ல. போனைக் கொண்டுவந்து அவன்ர காதில வைக்கினம், அவள் அங்கால குழறுறாள், அதுக்கும் “ஓம், ஓம்” எண்டான்.

நான் குனிஞ்சு கேட்டன். “தம்பி, என்ர பேத்தி உன்ர பிள்ளைக்கு நடந்ததைப் பேர் போடாமல் எழுதப்போறாள். மற்றப் பிள்ளையளாவது தப்பட்டும். ஓமோ?”

“ஓம்” எண்டான்.

சம்மதம். எழுது.

அம்மம்மா


வெள்ளவத்தை
30.09.2024

அன்புள்ள அம்மம்மா,

போட்டுவிட்டேன். “படிக்கட்டு” என்று தலைப்பு. நீங்கள் எழுதியதை நான் பெரிதாக மாற்றவில்லை. மாற்றினால் கெட்டுவிடும். மஞ்சள் வாளி, சூடை மீன் குவியல், கோழிக்கு இறகு பிடுங்குவது போல என்றது, எல்லாம் உங்களுடையவை. ஊர் பேர் இல்லை, ஆள் பேர் இல்லை. “அவருடைய காதையும் அது எடுத்துக்கொண்டது. ஒரு கிழவி தொண்டை கிழியக் கத்தியும் அவருக்குக் கேட்கவில்லை” என்று முடித்தேன்.

அம்மம்மா, சனம் வாசிக்கிறது. இதுவரை நாங்கள் போட்ட எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதற்கு வந்த சனத்தில் காற்பங்கு இல்லை. தளத்தில் எண்ணிக்கை காட்டும் பெட்டி வேண்டாம் என்று தொடக்கத்திலேயே கழற்றினவள் நான். இந்தக் கிழமை முனீப்பிடம் ஒவ்வொரு மணித்தியாலமும் கேட்டேன். “உனக்கும் பிடிச்சிட்டுதோ?” என்று சிரித்தான்.

இன்னொன்று. கொழும்பில் சில சட்டத்தரணிகள் சேர்ந்து போனில் ஓயாமல் ஓடும் அந்தக் காணொளிகளின் கொம்பனிக்கு எதிராக மனுப் போடுகிறார்கள். தொடர்ந்து தானாக ஓடும் அமைப்பைச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காவது நிறுத்த வேண்டும் என்று. எங்கள் பக்கத்தை முதல் இணைப்பாக வைக்கிறார்கள். மிதுஷா வீணாகப் போகமாட்டாள்.

சிலர் எங்கள் எழுத்தை வாசித்துக்காட்டிச் சின்னக் காணொளியாகவும் போடுகிறார்களாம், அதே கொம்பனியின் தளத்தில். முனீப்புக்குப் பிடிக்கவில்லை. செய்தி போய்ச் சேர்ந்தால் சரி என்று நான் சொன்னேன்.

கௌசிகா


திருகோணமலை
10.10.2024

கௌசிகா,

என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?

படிக்கட்டில நிண்டு படம் எடுக்கிறாங்கள். எங்கட ஊர்ப் பெடியள் இல்லை, எங்கேயோ இருந்து மோட்டார் சைக்கிளில வாறாங்கள். ஒருத்தன் மஞ்சள் வாளியொண்டு வாங்கிக்கொண்டு வந்து மிதக்கவிட்டு எடுத்தவன். மீன்காரர் கலைச்சவங்கள். அடுத்தநாள் வேற ஒருத்தன், வேற வாளி.

பேர் போடேல்ல எண்டாய். ஒழுங்கை முழுக்க அந்தப் பிள்ளைக்குக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டிக்கிடக்கு, போட்டோவோட, திகதியோட, தேப்பன் பேரோட. உன்ர எழுத்தையும் அதையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஒருத்தன் போட்டிருக்கிறானாம். பேர் போட என்ன கிடக்கு?

வினோதன்ர ஆட்டோவில இப்ப ஆரும் ஏறுறேல்ல. ஸ்ராண்டில, “அண்ணை, போன் பாத்தோ ஓட்டுறனி?” எண்டு கேக்கிறாங்களாம். பின்கண்ணாடியில ஆரோ மஞ்சள் பெயின்ற்றால வாளி கீறிப் போட்டினம். அவன் ஆட்டோவை விட்டுட்டு நடந்து வந்தவன். அதுக்குப் பிறகு வெளிக்கிடேல்ல.

கமலாதேவி முற்றத்தில நிண்டு மண்ணை அள்ளித் தூத்துறாள், எங்கட வீட்டைப் பாத்து. தூத்தட்டும். அவளுக்காக நான் எழுதேல்ல. அந்தப் பெடியன் சாப்பிடுறானில்லை. குசினி ஜன்னலால எனக்குத் தெரியுது. தட்டைப் போட்டுவிட்டு அவள் எழும்பிப் போறாள், வந்து பாக்கேக்க தட்டு அப்பிடியே.

அதை எடு. எழுதச் சொன்னது நான். எடுக்கச் சொல்லுறதும் நான்.

அம்மம்மா


வெள்ளவத்தை
14.10.2024

அம்மம்மா,

வாளி கீறியதை வாசித்து மனம் நொந்தது. ஆனால் எடுத்துவிட ஏலாது. ஏன் என்று கேளுங்கள்.

மனு அடுத்த மாதம் கூப்பிடப்படுகிறது. இப்போது பக்கத்தை எடுத்தால், “பொய் எழுதினார்கள், பிடிபட்டதும் கழற்றிவிட்டார்கள்” என்று கொம்பனி சொல்லும். பிறகு நாங்கள் எதை எழுதினாலும் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு வருட உழைப்பு. அதைவிட, இதே படிக்கட்டில் இன்னொரு தகப்பன் இருக்கப்போகிறான், இன்னொரு பிள்ளை இறங்கப்போகிறது.

அந்தக் காணொளிகளை நாங்கள் செய்யவில்லை. எங்களுடையதைத் திருடிச் செய்தவை. எடுக்கச் சொல்லிக் கொம்பனிக்கு எழுதினேன். “உங்கள் முறைப்பாட்டுக்கு நன்றி. இந்தக் காணொளி எங்கள் விதிகளை மீறவில்லை” என்று உடனே பதில் வந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கீழே கேட்டிருந்தார்கள்.

அவர் ஓம் என்றவர் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? “சம்மதம். எழுது.” இப்படித்தான் இருக்கிறது, என் முன்னால் இருக்கிறது. நல்லா எழுது என்றும் சொன்னீர்கள். கோபிக்காதீர்கள், ஒன்று கேட்கிறேன். அந்த வீட்டின்மேல் உங்களுக்கு இரக்கம் எப்போதிருந்து? பிள்ளைக்காக எழுதச் சொன்னீர்களா, கதவுக்காகவா?

கௌசிகா


திருகோணமலை
21.10.2024

கௌசிகா,

நீ கேட்டதுக்குப் பதில் வைச்சிருந்தனான். மூண்டு பக்கம் எழுதினனான். கிழிச்சுப்போட்டன். அதைவிடப் பெரிய விசயம் வந்துட்டுது.

தர்மினி பாத்திட்டாள். குவைத்தில, வேலை முடிஞ்சு படுக்கையில கிடந்து போனைத் தட்டேக்க தானாக வந்ததாம். தேடிப் பாக்கேல்ல. தானாக வந்திருக்கு. முதல் வாளி, பிறகு படிக்கட்டு, பிறகு பதாகையில அவளின்ர பிள்ளையின்ர முகம். பின்னால சோகப் பாட்டு. அலை எண்டு நம்பிக்கொண்டிருந்தவள். வினோதனுக்கு எடுத்து ஒரு சொல்லுத்தான் கேட்டவளாம், “எத்தினை வீடியோ பாத்தனீங்கள்?” எண்டு. இனி அந்த வீட்டுக்கு வரமாட்டன் எண்டு வைச்சிட்டாளாம்.

வெள்ளிக்கிழமை விடிய வினோதன் அதே படியால இறங்கினவன். வலை இழுக்க வந்த சனம் கண்டு இழுத்துப்போட்டுது. உசிர் இருக்கு. ஆஸ்பத்திரியில.

மத்தியானம் படலையில தட்டிக் கேட்டது. பாத்தால் கமலாதேவி. தலை முடியேல்ல, செருப்பில்லை. உள்ளுக்கு வா எண்டு நான் சொல்லேல்ல, அவளும் வரேல்ல.

“அலை எண்டு நாங்கள் சொன்னது ஊருக்கில்லையடி” எண்டாள். “ஊர் என்ன விசரோ? ஊருக்குத் தெரியும். அந்தப் பெட்டைக்குத்தான் சொன்னனாங்கள். தனிய, மொழி தெரியாத நாட்டில கிடக்கிறவள், பிள்ளையையும் குடுத்துப் புருசனையும் வெறுத்தால் எங்க போவாள் எண்டு. ஊர் முழுக்க அதுக்குத்தான் தலையாட்டினது. உனக்கு மட்டும்தான் விளங்கேல்ல.”

நான் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

“கதவை வேணுமெண்டால் கழட்டிக்கொண்டு போ. என்ர பெடியனை விடு” எண்டிட்டுப் போய்ட்டாள்.

எனக்கு விளங்கேல்ல, கௌசிகா. எல்லாம் ஞாபகம் இருக்கு, ஆர் எப்ப என்ன சொன்னது எண்டு. அது விளங்கேல்ல.

எடு.

அம்மம்மா


வெள்ளவத்தை
23.10.2024

அம்மம்மா,

கடிதம் கிடைத்த அதே நேரம் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது வெறும் வெள்ளைப் பக்கம். “இதை நாங்கள் வெளியிட்டிருக்கக் கூடாது” என்று ஒரு வரி.

சட்டத்தரணிகள் இனி என் அழைப்பை எடுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். முனீப் தன் ஊரான கிண்ணியாவுக்குப் போகும்போது ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டு வருகிறேன் என்றான். போகவேண்டாம் என்றேன். நாங்கள் யாரென்று அவருக்குச் சொல்ல வேண்டிவரும்.

எத்தனை பிரதிகள் இன்னும் அங்கே ஓடுகின்றன என்று எண்ணிப் பட்டியல் கொடுத்தால் ஏதும் செய்யலாம் என்று அந்தத் தளத்தைத் திறந்தேன். மத்தியானம் திறந்தது. முனீப் வந்து லைட்டைப் போட்டபோதுதான் இருட்டிவிட்டது தெரிந்தது. பட்டியலில் பதினொன்றுதான் எழுதியிருந்தேன். மிச்ச நேரம் என்ன பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. யாரோ பூசணிக்காய் வெட்டினார்கள். ஒரு பூனை.

உங்கள் ஒன்பதாம் திகதிக் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். தேத்தண்ணி குடிக்காமலே குடித்தேன் என்றவர். குருக்கள் முன்னால் இருக்கக் குருக்களுக்குச் சொல்லியாச்சு என்றவர். நீங்கள் ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த ஓம் என்ன ஓம் என்று பச்சைப்பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். நான் அன்றைக்கே வாசித்தேன். எனக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது.

போன கடிதத்தில் கதவைப்பற்றிக் கேட்டதை மறந்துவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். நீங்கள் மறக்கமாட்டீர்கள்.

கௌசிகா


திருகோணமலை
02.11.2024

கௌசிகா,

ஓம், மறக்கமாட்டன்.

வினோதனைப் போய்ப் பாத்தனான். கமலாதேவி வீட்டுக்குக் குளிக்கப் போன நேரம் பாத்துப் போனனான். வாட்டில ஜன்னல் பக்கக் கட்டில். நான் கொண்டுபோன இளநியைப் பாத்தான், என்னைப் பாத்தான். கலைப்பான் எண்டு நினைச்சன்.

“இருங்கோ ஆச்சி” எண்டான். அந்த வீட்டுச் சனம் என்னோட கதைச்ச முதல் நல்ல சொல்லு.

கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு, என்ர நல்ல காதை அவன்ர பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தனான். அவன் சொன்னதைச் சொன்னபடி எழுதுறன்.

“உங்கட பேத்தி எழுதினதை வாசிச்சனான். எல்லாம் சரி. ஒண்டு பிழை. எனக்குக் கேக்கேல்ல எண்டு எழுதியிருக்கிறா. கேட்டது ஆச்சி.”

“என்ன கேட்டது?”

“நீங்கள் கத்தினது. ‘கதவு களவெடுத்தவளின்ர மோனே!’ எண்டு கத்தினீங்கள்.”

நான் உனக்கு எழுதேக்க, கத்தினனான் எண்டு எழுதினனான். என்ன சொல்லிக் கத்தினனான் எண்டு எழுதேல்ல. மறந்து விட்டதில்லை. அவனைக் கண்டால் என்ர வாயில வாறது அதுதான். அவன் சின்னப்பிள்ளையாப் பந்து எடுக்க எங்கட வேலிக்குள்ள கை விட்ட காலம் தொட்டு அப்பிடித்தான் கூப்பிட்டனான். பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்டைக்கும் அதுதான் முதல் வந்தது. ‘பிள்ளை, பிள்ளை’ எண்டது பிறகுதான். அதுக்குள்ள மீன்காரர் பாய்ஞ்சிட்டாங்கள்.

அவன் சொன்னான், “பவளமாச்சியின்ர சத்தம் கேட்டால் திரும்பாதை எண்டு சொல்லித்தான் அம்மா எங்களை வளர்த்தவ. பள்ளிக்கூடம் போகேக்க, கோயிலுக்குப் போகேக்க, எங்கயும். திரும்பினால் சண்டை. அண்டைக்கும் திரும்பேல்ல. பாக்காதமாதிரி இருக்க வேணுமெண்டு போனை முகத்துக்குக் கிட்டப் பிடிச்சன். அதில என்ன ஓடினதெண்டுகூட எனக்குத் தெரியாது. உங்களைப் பாக்காமல் இருக்கிறதுக்குத்தான் அதைப் பாத்தனான்.”

பிறகு இளநி குடிச்சான். பாதி. மற்றப் பாதியை என்னட்ட நீட்டினான். வாங்கிக் கட்டிலடியில வைச்சன்.

கௌசிகா, நீ அந்த வெள்ளைப் பக்கத்தில இதை எழுது. அவன்ர பேர் வேண்டாம். என்ர பேரைப் போடு. பவளம், உட்துறைமுகத்து ஒழுங்கை எண்டு போடு. நான் கத்தின சொல்லைப் போடு. வாளி கீறுற பெடியள் வந்து என்ர படலையில என்ன வேணுமெண்டாலும் கீறட்டும். தர்மினி பாக்கட்டும். அவளுக்கு ஆரையாவது ஏசவேணும் எண்டால் நான் இருக்கிறன்.

அம்மம்மா


வெள்ளவத்தை
10.11.2024

அன்புள்ள அம்மம்மா,

உங்கள் கடிதத்தை ஒரு கிழமை மேசையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன்.

சட்டத்தரணிகளில் ஒருவருக்கு, பேர்கள் இல்லாமல், சொல்லிப் பார்த்தேன். “தயவுசெய்து போடாதீர்கள்” என்றார். “போட்டால் கொம்பனிக்காரன் உங்களுக்குப் பூமாலை போடுவான். எங்கள் சாமான் ஒன்றும் செய்யவில்லை, அது பக்கத்து வீட்டுச் சண்டை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.” அவர் சொன்னது நடக்கும். எனக்குத் தெரியும்.

ஆனாலும் எழுதினேன். திரும்ப விரும்பாத மனுசனுக்கு ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். அந்த இடத்தைக் கையளவாக்கி எல்லார் சட்டைப்பையிலும் வைத்திருக்கிறார்கள், முடிவே இல்லாமல் ஓடவிட்டிருக்கிறார்கள் என்று எழுதினேன். முன்னைய காலமென்றால் அவர் கடலைத்தான் பார்த்திருப்பார். பார்க்க அங்கே வேறொன்றும் இல்லை. கடலைப் பார்த்திருந்தால் பிள்ளையையும் பார்த்திருப்பார். இரண்டு வருடத்தில் நான் எழுதியவற்றில் இது ஒன்றுதான் உண்மையாக வந்திருக்கிறது என்று முனீப் சொல்கிறான். உங்கள் பேரும் இருக்கிறது, நீங்கள் கத்திய சொல்லும் இருக்கிறது.

இன்னும் போடவில்லை. கையெழுத்துப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். வினோதன் அண்ணாவிடம் கொடுங்கள். அவர் முழுதாக வாசிக்க வேண்டும், சாப்பிட்டு, நித்திரை கொண்டு, இரண்டு மூன்று நாள் யோசிக்க வேண்டும். அதற்குப் பிறகு கேளுங்கள். ஆஸ்பத்திரியில் கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு, அவர் உங்களை வெளியே போ என்று சொல்லக்கூடிய இடத்தில் வைத்துக் கேளுங்கள்.

கௌசிகா


திருகோணமலை
24.11.2024

கௌசிகா,

வினோதன் வீட்டுக்கு வந்து பத்து நாளாச்சு. நீ அனுப்பினதை வந்த கிழமையே வேலியால குடுத்தனான். கமலாதேவி வாங்கேல்ல. அவன் எழும்பி வந்து தானே வாங்கினவன். நீ சொன்னமாதிரி நான் பிறகு கேக்கேல்ல. பொறுத்துக்கொண்டு இருந்தனான். சாப்பிடுறானோ எண்டு குசினி ஜன்னலால பாத்தனான். முந்தநாள் தட்டு வெறுந்தட்டாத் திரும்பிப் போச்சு. நேற்றும் அப்பிடித்தான்.

இண்டைக்குக் காலமை போனனான்.

கமலாதேவி படலையில நிண்டாள். “இது இப்ப செத்தவீடில்லை. நீ உள்ளுக்கு வர ஏலாது” எண்டாள்.

“வரேல்ல” எண்டன். “இங்க நிண்டு கேக்கிறன்.”

அவன் வாசலில கதிரை போட்டு இருந்தவன். சவரம் செய்திருந்தான். நீ எழுதின தாள்கள் மடியில.

நான் பேர் சொல்லிக் கூப்பிட்டனான். “வினோதன்” எண்டு. எனக்கே வேற ஆரின்ர சத்தம் மாதிரி இருந்தது. அவன் நிமிர்ந்து பாத்தான்.

“தம்பி, முழுக்க வாசிச்சனியோ?”

“ரெண்டு தரம்.”

“போடலாமோ?”

“வேண்டாம் ஆச்சி.”

நான் எனக்காகக் கதைக்க வெளிக்கிட்டன். என்ர பேர்தான் இருக்கு, உன்ர பேர் இல்லை, ஊர் என்னை ஏசட்டும், தர்மினிக்கும் உண்மை தெரியட்டும் எண்டன். அவன் கையைக் காட்டி மறிச்சான்.

“தர்மினிக்கு நானே சொன்னனான், நேற்று. போன் எடுத்தவ. கேட்டுக்கொண்டு இருந்தவ. பிறகு வைச்சிட்டா. அது எங்கட பாடு. இதைப் போட்டால் திரும்பவும் பெடியள் வாளியோட வருவாங்கள். இந்தமுறை ஒரு கிழவியையும் சேத்துப் படம் எடுப்பாங்கள், கத்துற மாதிரி. உங்களுக்குத் தண்டனை வேணும் எண்டு எனக்கு விளங்குது ஆச்சி. அதுக்கு என்ர பிள்ளையை இன்னொருக்காத் தண்ணிக்குள்ள விட ஏலாது.”

“அப்ப அந்தக் கொம்பனிக்காரன்?”

“அவன் இருப்பான்” எண்டான்.

கமலாதேவி படலையை விட்டிட்டு உள்ளுக்குப் போய்ட்டாள்.

தாள்களை அவன் திருப்பித் தரேல்ல. நானும் கேக்கேல்ல. ஆகவே இதை நீ போடக் கூடாது, உன்னட்ட இருக்கிற பிரதியையும் சேத்து. வெள்ளைப் பக்கம் வெள்ளையாவே கிடக்கட்டும். நீ நல்லா எழுதின ஒண்டை ஆரும் வாசிக்கமாட்டினம், உன்ர வழக்கும் தோக்கும், எனக்குத் தெரியும். படிக்கட்டில இப்பவும் பின்னேரத்தில தேப்பன்மார் வந்து குந்துகினம், எல்லாற்ற கையிலயும் அது இருக்கு, பிள்ளையள் கீழ்ப்படியில நிக்குதுகள். நான் இப்ப மீன் வாங்காட்டியும் போய் நிக்கிறனான். ஆரின்ர பிள்ளை எண்டு முதலே பேர் கேட்டு வைச்சுக்கொள்ளுறன்.

அவன் வேண்டாம் எண்டது எனக்குத் தெளிவாக் கேட்டது. ஒருக்காத்தான் சொன்னவன். திருப்பிச் சொல்லு எண்டு நான் கேக்கேல்ல.

அம்மம்மா